கச்சத்தீவுக் கட்டுரையும் மூல ஆவணமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பன்னாட்டு உறவுகள் மாணவர்கள் பலர் கச்சத்தீவைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்புகிறார்கள். ஆனால் 'கச்சத்தீவு வரலாறு' என்பது வெறும் தலைப்பு. 'கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிய 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் மீன்பிடி உரிமையைக் காத்ததா?' என்று கேட்டால்தான் வாதம் பிறக்கும்.

செய்தித் துணுக்குகளை மட்டும் நம்பினால் பிழை வரும். அந்த ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு மீன்பிடிக்க அனுமதித்தது என்று எழுதிவிடுகிறார்கள். அதில் இருப்பது வேறு: இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குச் சென்றுவரலாம், அதற்கு விசா வேண்டாம். மீன்பிடிப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லை. 6ஆம் பிரிவுதான் இரு நாட்டுக் கலங்களின் மரபுவழி உரிமைகளைச் சொல்கிறது. 1976 மார்ச்சில் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் வெளிப்படையான அனுமதியின்றி மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் முதல் வரியை எழுதத் தொடங்க வேண்டாம்.

கொழும்பின் வாதத்துக்கும், அதன் வலுவான வடிவத்திலேயே, ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள். உணர்ச்சி மிகுந்த தலைப்பில் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பிரிவு எண்ணைப் படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரவில் தேடினால் 5ம் 6ம் இடம் மாறிவிடும்.

— பன்னாட்டு உறவுகள் ஆசிரியர், சென்னை