கணக்கு டீச்சர் தோற்ற கதை

அன்புள்ள கோந்து,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ ஆரம்பிப்பதற்கு முன்னால் என்னை நானே திட்டிக்கொண்டுவிட்டேன். அம்மா நலம். என் முதுகு நலமில்லை. பெரியவள் படிக்க வெளியூர் போனதிலிருந்து வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சொன்னால் சந்தோஷத்தில் உனக்குத் தூக்கம் வராது.

விடுதி மொட்டைமாடியில் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "உங்கள் மொழிப் பாடத்தில் மார்க் என்பது அன்றைக்கு டீச்சருக்கு இருக்கும் மனநிலை. கணக்கில் அந்தப் பேச்சே கிடையாது" என்று நான் சொல்லப்போய், நீ மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசியில் ஒட்டகம் நடுவில் விழுந்து சமாதானம் செய்துவைத்தாளே, அந்தச் சண்டை. இருபத்திரண்டு வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். நீதான்டி ஜெயித்தாய்.

நடந்தது இதுதான். தாளில் மார்க் போட்டால் பிள்ளைகள் அதை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் திணித்துவிடுகிறார்கள். ஓரத்தில் நாம் மாய்ந்து மாய்ந்து எழுதியதை ஒருத்தரும் படிப்பதில்லை. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மார்க்கையும் பெற்றவர்களுக்கு அந்தக் குறிப்பால் பலன் இல்லாமல் போயிற்று. அதைப் படித்த வேகத்தில் இந்த முறை தாளில் குறிப்பு மட்டும், மார்க் தனி நோட்டில் என்று வைத்துக்கொண்டேன். நோட்டைத் தொலைத்துவிட்டேன். சிரிக்காதே.

வேறு வழி? 42 தாள்களையும் உட்கார்ந்து மறுபடி திருத்தினேன். பட்டியலைக் கொடுத்த மறுநாள் நோட்டு கிடைத்தது, அலமாரிக்குப் பின்னால். சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஐம்பதுக்கு நடத்திய தேர்வில் ஒன்பது பேருக்கு நான்கு மார்க்குக்கு மேல் வித்தியாசம். ஒரு பையனுக்கு முதலில் 17, இரண்டாம் தடவை 25. அதாவது ஒரு நோட்டு அலமாரிக்குப் பின்னால் விழுந்ததால் அவன் பாஸ். அதே தாள், அதே டீச்சர், ஓரத்தில் என் கையெழுத்திலேயே என் குறிப்பு. வித்தியாசம் எங்கே வந்தது என்று ஒவ்வொரு கேள்வியாகத் தோண்டினேன். முதல் தடவை அவன் தாள் வகுப்பின் முதல் மாணவியின் தாளுக்கு அடுத்து வந்திருக்கிறது. அந்த முத்து முத்தான எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு இவன் கிறுக்கல் எரிச்சலாக இருந்திருக்கும். வழிமுறை முழுக்கச் சரி, கடைசிக் கூட்டலில் மட்டும் சறுக்கல், அதற்கு முதலில் ஐந்துக்கு ஒன்று, பிறகு நான்கு. இதில் பெரிய வேடிக்கை அந்த முதல் மாணவி. இரண்டு தடவையும் முழு மார்க். நடுவில் ஒரு படியை அவள் எழுதவே இல்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அந்த வரியை நானே மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்! பையனுக்காக ஒரு வரிகூட அப்படி எழுதிக்கொள்ளவில்லை.

நீ மகிழ இன்னொன்று. ஸ்டார்ச், எலியட் என்று இரண்டு பேர் 1912இல் ஆங்கில விடைத்தாள்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு மார்க் தாறுமாறாக வந்தது. மொழிப் பாடம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லத் தோன்றும் இல்லையா? மறு வருடமே ஒரு வடிவியல் தாளை அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு நூற்றுக்கு முப்பதைக்கூடத் தொடாத மார்க்கும் வந்தது, தொண்ணூறைத் தாண்டிய மார்க்கும் வந்தது. வித்தியாசம் ஆங்கிலத்தைவிட அதிகம். நாம் மொட்டைமாடியில் கத்துவதற்கு எத்தனையோ வருடம் முன்பே முடிந்துபோன வழக்கு அது.

இதோடு நிறுத்தியிருந்தால் திருத்தும் முறையை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் தோண்டியபோது கேள்வித்தாளும் மாட்டிக்கொண்டது. நிகழ்தகவில் வழக்கமான கேள்விதான், நன்கு கலைத்த சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்தால் அது ராஜாவாக இருக்க வாய்ப்பு என்ன. ஆறு பேர் தொடவே இல்லை. அன்றைக்கு ஒரு பெண் கையைத் தூக்கி, "டீச்சர், ஒரு கட்டில் எத்தனை சீட்டு?" என்று கேட்டாள். பரீட்சையில் பேசக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டேன். நல்ல கேள்வி கேட்டவளை. போன வாரம் அதே ஆறு பேரிடம் பையில் வண்ணப் பந்துகள் என்று மாற்றிக் கொடுத்தேன். ஐந்து பேர் சரியாகப் போட்டார்கள். அவர்களுக்கு நிகழ்தகவு தெரியும். சீட்டுதான் தெரியாது. நான் சீட்டாட்டத்துக்கு மார்க் போட்டிருக்கிறேன்.

அந்த 17 மார்க் பையன் வீட்டில் பேசுவது வேறு மொழி. நான்கு வரி நீளக் கேள்வியை மூன்று தடவை படித்த பிறகுதான் பேனாவை எடுப்பான், அதற்குள் நேரம் ஓடிவிடும். இப்போது கேள்விகளை எல்லோருக்கும் ஒரு தடவை சத்தமாக வாசித்துவிடுகிறேன், கால் மணி நேரம் கூடுதலாகவும் கொடுக்கிறேன். பக்கத்து வகுப்பு டீச்சர் சண்டைக்கு வந்தார். வேகமாக எழுதுகிறவனுக்கு இது அநியாயமாம். அதனால்தான் எல்லோருக்கும் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் முன்பே முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவைப்பட்ட ஏழெட்டுப் பேர்தான் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். வேகத்தைச் சோதிப்பதாக நான் எங்கேயும் எழுதிக்கொடுக்கவில்லையே.

இதை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. வாசித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்கும் தேர்வில் நீயே பத்தியை வாசித்துக் காட்டினால் அப்புறம் என்ன மிஞ்சும்? என் பாடத்தில் வாசிப்பு தடங்கல், உன் பாடத்தில் அதுதான் பாடமே. வாய்மொழியாகக் கேட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பயமாக இருக்கிறது. கூச்சப்படுகிற பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும். தாளிலாவது பெயரை மறைக்கலாம், முகத்தை எப்படி மறைப்பது?

ஆமாம், பெயரை மறைக்க ஆரம்பித்துவிட்டேன். மேல் ஓரத்தை மடித்துக் கிளிப் போட்டுவிடுவேன். முதல் கேள்வியை 42 பேருக்கும் திருத்திவிட்டு, கட்டைக் கலைத்துவிட்டு, இரண்டாவது கேள்வி. எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்பதை ஒரு தாளையும் பிரிப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுகிறேன். நேரம் இரண்டு மடங்காகும் என்று நினைத்தேன், அப்படி ஆகவில்லை. ஆனாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. முதல் மாணவியின் "க" எனக்கு மனப்பாடம்.

வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு மார்க்கையும் போர்டில் எழுதி, கூடுதலானதையே எல்லோருக்கும் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கைதட்டினார்கள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ போன வருஷம் போட்டது டீச்சர்?" என்றான். போன வருடம் என்னிடம் இரண்டு மார்க்கில் தவறியவன் அவன். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை கோந்து. மணி அடித்தது, தப்பித்தேன் என்றுகூட எழுத மனம் வரவில்லை.

இதோடு பத்துத் தாள்களின் நகல் வைத்திருக்கிறேன். பெயரும் இல்லை, என் குறிப்பும் இல்லை. நீ கணக்கு டீச்சர் இல்லை, அதனால் உன் வீட்டுக்காரரைத் திருத்தச் சொல். முதலில் அவர் போக்கில். பிறகு, ஒட்டிய உறையைப் பிரித்து, அதிலுள்ள என் மார்க் திட்டத்தை வைத்து இன்னொரு தடவை. இரண்டு பட்டியலும் எனக்கு வேண்டும். உன் பிள்ளைகளின் கட்டுரைகள் பத்தை எனக்கு அனுப்பு, நான் போடுகிற மார்க்கைப் பார்த்து நீ சிரிக்கலாம். உறையை முன்கூட்டியே பிரிக்க விடாதே. அவர் பிரிப்பார், எனக்குத் தெரியும்.

உன்,
வாலு

ஒட்டகத்திடம் சண்டை முடிந்துவிட்டது என்று சொல்லிவிடு. யார் ஜெயித்தது என்பதை மட்டும் சொல்லாதே.