தனியாக வீடு வாங்கிய தங்கை: பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

முட்டி வலி இப்போது குறைந்திருக்கிறதா? பெரியப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை வீடு வாங்கியதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அத்தை வீட்டு விசேஷத்தில் நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்தது. "கல்யாணம் ஆகாத பொண்ணு, தனியா வீடு வாங்கிட்டுப் போறா. இனிமே யார் பேச்சைக் கேப்பா? ஊர் என்ன சொல்லும்?" அவளுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியம்மாவுக்கு எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுது, ஆனால் அவங்க மனசு நோகாம எழுது என்றாள். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், சிங்கப்பூரில் இன்னும் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது என்பதுதான்.

முதலில் அந்த ஊரைப் பார்ப்போம். தோ பாயோவில் அவள் வாங்கியிருக்கும் மூவறை வீட்டுக்கு ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் ஒரு சீனப் பாட்டி. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்ததிலிருந்து வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக்குகளில் எல்லா இனமும் கலந்துதானே இருக்கிறோம். சாவி வாங்கிய அன்று பக்கத்து வீட்டு மலாய் அக்கா கேட்டது, தண்ணீர்க் குழாய் ஒழுகாமல் இருக்கிறதா என்று மட்டும்தான். கல்யாணம் ஆயிற்றா என்று அவர் கேட்கவில்லை. அப்படியானால் ஊர் என்று நீங்கள் பயப்படுவது யாரை? நம் சொந்தக்காரர்களைத்தான். அவர்களிலும் முதலில் பேச்சை எடுத்தது நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் பெரியம்மா, நீங்கள் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஊருக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

அவள் எதையும் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. 35 வயது நிரம்பிய, திருமணமாகாத குடிமக்கள் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்பது 1991இலேயே வந்த ஏற்பாடு. 2013இல் புதிய ஈரறை வீடுகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள், சில பேட்டைகளில் மட்டும். 2024 அக்டோபரிலிருந்து எந்தப் பேட்டையிலும் விண்ணப்பிக்கலாம். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளை பெறுங்கள் என்று இவ்வளவு ஊக்கம் கொடுக்கும் அரசாங்கமே, தனியாக வாழ்கிறவர்களுக்கும் வீடு வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டு வந்திருக்கிறது. தங்கை 35 வயது வரை பொறுத்திருந்து, சிபிஎஃப் என்கிற மத்திய சேம நிதிப் பணத்தையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, யாரிடமும் கடன் கேட்காமல் இதைச் செய்திருக்கிறாள். இதே காரியத்தை ஒரு பையன் செய்திருந்தால் 'கெட்டிக்காரன்' என்று நாலு பேரிடம் நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

70களில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நீங்கள் இரவு ஷிப்டுக்குப் போனதை அம்மா இப்போதும் பெருமையாகச் சொல்வார். பெரியப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகும் வேலையை விடவில்லை நீங்கள். ராத்திரி வேலைக்குப் போகிற பொண்ணு என்று அப்போதும் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்களாம். கணவனும் மனைவியும் அவரவர் விரும்பும் தொழிலைச் செய்யலாம், மனைவி தன் சொந்தப் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் 1961இல் வந்த மாதர் சாசனத்தில் இருக்கிறது. ஆனால் பேசுகிறவர்கள் சட்டத்தைப் படித்துவிட்டா பேசுகிறார்கள்? அந்தப் பேச்சு எவ்வளவு வலிக்கும் என்று எங்கள் எல்லாரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதைவிட எனக்கு மனசு பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் சொந்தத்தில் ஒரு வீட்டில் கணவன் மனைவி மேல் கை நீட்டிக்கொண்டிருந்தான். யார் வீடு என்று இங்கே எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அப்போது நாம் எல்லாரும் சொன்னது என்ன? "அது அவங்க குடும்ப விஷயம், நாம தலையிடக் கூடாது." அவள் தானாகவே நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தோம். அதுவும் அவள் அவசரப்பட்டுவிட்டாள் என்று சொல்வதற்கு! ஒருத்தி அடி வாங்கும்போது அது அவள் சொந்த விஷயம். இன்னொருத்தி யாருக்கும் கெடுதல் செய்யாமல் தன் சம்பளத்தில் வீடு வாங்கினால் அது குடும்ப விஷயம். இது எப்படி நியாயம் பெரியம்மா? யாருக்காவது அடி விழுகிறது என்றால் நடுராத்திரியிலும் போய்க் கதவைத் தட்டுவோம், நானும் வருகிறேன். ஆனால் யாரோடு வாழ்வது, தனியாக வாழ்வதா, எப்போது கல்யாணம், கல்யாணமே வேண்டாமா என்பதெல்லாம் அவரவர் முடிவு.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. வயதான பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் என்ன செய்வாள் என்று அம்மாவும் கேட்கிறார். நியாயமான கேள்விதான், தங்கை அதை யோசிக்காமல் இல்லை. நாளைக்குச் சுயமாக முடிவெடுக்கும் நிலையில் தான் இல்லாமல் போனால் யார் முடிவெடுக்க வேண்டும் என்று எல்பிஏ என்கிற அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறாள். அதில் என் பெயர் இருக்கிறது. சிபிஎஃப் பணம் உயிலில் எழுதினாலும் செல்லாது, அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். அதையும் முடித்துவிட்டாள். கல்யாணமாகிப் பேரப்பிள்ளை எடுத்தவர்களில் எத்தனை பேர் இதெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள்? உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் செய்யவில்லை என்றால் சொல்லுங்கள், அவளே உட்கார்ந்து செய்து தருவாள்.

இன்னும் ஏதாவது கேட்க நினைத்தால் அவளிடமே கேளுங்கள். நீங்கள் நேரில் கேட்டால் அவளுக்குக் கோபம் வராது. அத்தையிடமும் மாமியிடமும் கேட்டால்தான் வருத்தப்படுவாள்.

அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறாள். வீட்டுக்கு மூத்தவர் நீங்கள்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலை ஆறு மணிக்கு நான் காரோடு உங்கள் புளோக்குக்குக் கீழே வந்துவிடுகிறேன். பெரியப்பாவும் வருகிறாரா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகன்