குலுக்கலில் பெயர் விழாத பிள்ளைகளுக்காகவும் வாருங்கள்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதம் வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: எந்த சார்ட்டர் பள்ளியின் குலுக்கலில் யார் பிள்ளைக்கு இடம் கிடைத்தது? (சார்ட்டர் பள்ளி என்றால் தனி அமைப்பு நடத்தும் பொதுப் பள்ளி; இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.) என் மகளுக்கும் விண்ணப்பித்திருந்தேன். காத்திருப்போர் பட்டியலோடு சரி. தெருமுனையில் இருக்கும் மாவட்டப் பள்ளியில், அதாவது உள்ளூர் கல்வி நிர்வாகமான பள்ளி மாவட்டம் நடத்தும் பள்ளியில், சேர்த்தோம்.

சார்ட்டர் பள்ளிகளைப் பழிக்க இதை எழுதவில்லை. அவையும் அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் வாங்காதவை. அவற்றின் மாணவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் மாவட்டப் பள்ளி மாணவர்களைவிடச் சராசரியாகச் சற்று முன்னே நிற்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2023இல் சொன்னது. இணையவழி சார்ட்டர் பள்ளிகள் மட்டும் வெகுவாகப் பின்தங்கியிருந்தன.

என் கவலை பணம் போகும் வழியைப் பற்றியது. கலிஃபோர்னியாவில் பிள்ளைகளின் வருகையைக் கணக்கிட்டுத்தான் பள்ளிக்கு நிதி வருகிறது. வகுப்புக்கு ஒருவர், இருவர் என்று முப்பது பேர் சார்ட்டர் பள்ளிக்குப் போய்விட்டால் முப்பது பேரின் பணமும் போய்விடும். ஆனால் எந்த வகுப்பையும் மூட முடியாது. ஒழுகும் கூரையைச் சரிசெய்யும் செலவும் குறையாது. எங்கள் பள்ளி நூலகம் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது. மற்ற நாள்களில் கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிவைத்து உள்ளே பார்க்கும் சிறுவர்களைப் பார்த்துக்கொண்டுதான் மகளை அழைத்து வருகிறேன். அவர்களில் ஒருவன் பிப்ரவரியில் வந்து சேர்ந்தவன், ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆண்டின் நடுவில் குடிவந்தவனுக்குக் குலுக்கல் ஏது? இந்தப் பள்ளிதான் மறுநாளே சேர்த்துக்கொண்டது.

2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் நூலகரும் செவிலியரும் இருந்தார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஏபி 1505 என்ற சட்டம் வந்தது. அதன்படி, புதிய சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி தரும் முன், அந்தப் பள்ளியால் மாவட்டத்தின் நிதிக்கு என்ன ஆகும் என்பதையும் பள்ளி வாரியம் கருத்தில் கொள்ளலாம். விண்ணப்பத்தின் மீது பொது விசாரணையும் நடத்த வேண்டும்.

நான் போயிருந்த ஒரு விசாரணையில் பேசிய தமிழர்கள் அனைவரும் புதிய பள்ளி வேண்டும் என்றுதான் பேசினார்கள். இருக்கும் பள்ளியில் என்ன குறையும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குலுக்கலில் பெயர் கொடுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே, உங்கள் மாவட்டத்தில் அடுத்த விசாரணை நடக்கும்போது வந்து அந்தக் கேள்வியை வாரியத்திடம் கேளுங்கள். ஓரிரு நிமிடம் போதும். தனியாக மைக் முன் நிற்கத் தயக்கம் என்றால் சொல்லுங்கள், நான் உடன் வருகிறேன்.

அன்புடன்,
மாவட்டப் பள்ளி மாணவி ஒருத்தியின் அம்மா