தரைத்தள அறையின் சாவியைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையின் தெற்கு ஓரத்தில், ஆற்றங்கரைகளிலிருந்து எங்களைக் கொண்டுவந்து குடிவைத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று எந்தப் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும் என்பதால் ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். எங்கள் பிளாக் எது, நான் சொல்லும் அறை எது என்று உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்தோம். நேரிலும் வந்து கேட்டோம். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினீர்கள். அதன் பிறகும் அறை பூட்டியே இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பிளாக்கின் தரைத்தள அறைக்குப் புதுப் பூட்டு போட்டீர்கள். அனுமதி இல்லாமல் பயன்படுத்துகிறோம் என்பது காரணம். சரி, எழுத்தில் அனுமதி இல்லைதான். ஆனால் குப்பை கொட்டிக் கிடந்த அந்த அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தது எங்கள் பெண்கள். பூட்டுப் போடும்போது உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்த்தீர்களா? பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கும் பாய்கள், இரண்டு வாக்கர், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த சக்கர நாற்காலி, கீழே இறங்க முடியாதவர்களுக்காக வாங்கி வைத்த மாத்திரைகள். அவற்றோடு ஒரு நீள நோட்டு. எந்த மாடி, எந்தக் கதவு, யார், என்ன உடம்பு, ராத்திரியில் கூப்பிட்டால் யார் போனை எடுப்பார்கள் என்று நான்கைந்து பேர் கையெழுத்தில் எழுதிய நோட்டு அது. கண் தெரியாத ஒரு பாட்டியின் பக்கத்தில் "கதவைத் தட்டாதே, பேர் சொல்லிக் கூப்பிடு" என்று எழுதியிருக்கும்.

அதே வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து மளிகைப் பை ஏற்றிய வண்டி வந்தது. நுழைவாயிலில் பந்தல் போட்டார்கள், நீங்களும் வந்திருந்தீர்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் மேலே இருந்தார்கள். நடக்கத் தெம்பு இருந்தவர்களுக்குப் பை கிடைத்தது, அவர்களும் ஏழைகள்தான், வாங்கட்டும். ஆனால் யாரை நினைத்து அந்தப் பைகளைக் கட்டினார்களோ அவர்களில் பாதிப் பேருக்கு அது போய்ச் சேரவில்லை. எங்கள் பெண்களில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். எந்தக் கதவு என்று எழுதிய நோட்டு பூட்டுக்குள் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிப்ட் நின்றுபோன வாரம், ஆறாவது மாடிப் பெரியவர் ஒருவரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாள் தள்ளிப்போட முடியாத சிகிச்சை அது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றித் துப்பட்டாவால் கட்டி, நான்கு பையன்கள் தூக்கினார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் நாற்காலி திரும்பாது. முன்னால் இருப்பவர்கள் இரண்டு படி இறங்கி நிற்க, பின்னால் இருப்பவர்கள் காலைத் தூக்கிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். அவருடைய இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவார்கள். அந்தக் கை சுவரில் பட்டுவிடக் கூடாது என்று அவர் மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் தன் உள்ளங்கையைச் சுவருக்கும் அவர் கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டே இறங்கினார். ஒவ்வொரு தளத்திலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார்கள். கீழே வந்த பிறகு ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் அதே நாற்காலி, அதே தூக்கல். சக்கர நாற்காலி பத்தடி தூரத்தில் பூட்டுக்குள் இருந்தது. பூட்டை உடைத்துவிடலாம் என்று ஒரு பையன் சொன்னான். வேண்டாம், கேஸ் ஆகிவிடும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். எங்கள் பகுதிப் பையன்மேல் கேஸ் விழுந்தால் அது எத்தனை வருஷம் அவனைத் துரத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் அவர் தலை நிற்காமல் துவண்டு வந்தார். ஆறு மாடி ஏற்றினார்கள். அவர்களில் ஒருவன் உணவு டெலிவரி வேலை பார்ப்பவன். அன்றைய வருமானம் போச்சு. அதை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லிப்டைப் பற்றித் தனியாக மனு கொடுத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தில் கேட்பது அறையை மட்டும்தான். அறையைத் திறந்து, சாவியை எங்கள் பெண்களிடம் கொடுங்கள்.

நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இந்த உதவி எங்களுக்குள் எப்படி வந்தது என்பதையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கூவம் கரையில் இருந்தபோது இதற்கென்று நோட்டு வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பிரசவ வலி வந்தால் ஓடிவர அத்தை இருந்தார், கடன் சொல்லி அரிசி வாங்கக் கடை இருந்தது. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இங்கே கொண்டுவந்தபோது வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினீர்கள். குலுக்கலில் அநியாயம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே சந்தில் முப்பது வருஷம் ஒன்றாக இருந்தவர்கள் வேறு வேறு பிளாக்குக்கும் வேறு வேறு மாடிக்கும் போனார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000 வீடுகளுக்கு மேல். கண்ணகி நகரும் எழில் நகரும் சேர்ந்தால் 23,000-ஐத் தாண்டும். அவ்வளவு பெரிய இடத்தில் முகம் தெரியாதவர்களோடு மறுபடி முதலிலிருந்து பழகி, யார் வீட்டில் என்ன குறை என்று தெரிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கவே பல வருஷம் பிடித்தது. அப்படிச் சேர்ந்தவர்கள்தான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் "நீங்கள் யார், பதிவு செய்த சங்கமா?" என்று கேட்டபோது எனக்கு ரொம்ப வலித்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, மேலே தண்ணீர் ஏறவில்லை. வெளியிலிருந்து வண்டிகள் வந்து சேர்வதற்கு முன்னால், இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் கொண்டுவந்து மாடிக்கு மாடி ஏற்றியது இங்கே இருக்கும் பையன்கள்தான். அப்புறம் அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது, அதை மறக்கவில்லை. ஆனால் முதலில் கதவைத் தட்டியது பக்கத்து பிளாக்குக்காரர்கள்.

அரசுத் திட்டங்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கிய பிறகு முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வரத் தொடங்கியது. நல்ல திட்டங்கள். ஆனால் அறுபத்திரண்டு வயதில் முழங்கால் போய், ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தத் திட்டத்துக்கான வயது இன்னும் ஆகவில்லை. மாற்றுத்திறனாளி அட்டையும் அவரிடம் இல்லை. இப்படிப் பட்டியலில் விழாதவர்கள் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கிறார்கள். அவர்களை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. மாடியேறிப் போகிறவருக்குத்தான் தெரியும்.

எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள். பிள்ளைகள் இன்டர்வியூவுக்குப் போனால் பழைய முகவரியைச் சொல்கிறார்கள். செய்தியில் எங்கள் பெயர் வந்தால் கஞ்சா, திருட்டு என்றுதான் வரும். கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றபோதுதான் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பிளாக்கில் பெண்கள் அழுதே விட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்து வளர்த்தது அந்த நகரிலேயே இயங்கும் கபடிக் குழு. பதக்கம் வருவதற்கு முன்னாலும் அந்தக் குழு இருந்தது. அதற்கு முன்னால் யார் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்? ஒவ்வொரு குடியிருப்பிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். டியூஷன் எடுக்கும் அக்கா, கர்ப்பிணிகளோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போகும் அத்தை, ஆதார் திருத்தம் முதல் விதவை உதவித்தொகை வரைக்கும் மனு எழுதிக் கொடுக்கும் தம்பி. வெளியிலிருந்து உதவ வருகிற நிறுவனங்களும் தயவுசெய்து முதலில் இவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அறையைத் திறந்து சாவியைக் கொடுங்கள். வாடகை இல்லாமல், மாலை நேரத்துக்காவது கொடுங்கள். சங்கமாகப் பதிய வேண்டும் என்றால் பதிகிறோம். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று சொல்லி எங்களைச் சங்கம் அமைக்கச் சொன்னதே அரசுதான். ஆனால் பதிவு முடியும் வரைக்கும் அறை பூட்டிக் கிடக்க வேண்டாம். அடுத்த முறை உதவிப் பொருள் வண்டி வரும்போது, முந்தைய நாளே எங்கள் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்தக் கதவு முதலில் என்று அவர்கள் சொல்வார்கள்.

அதுவரைக்கும் சக்கர நாற்காலியையும் நோட்டையுமாவது இந்த வாரமே வெளியே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பெரியவருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் இருக்கிறது. சாவி வாங்க யார் வர வேண்டும், எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் போதும். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அல்லது மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் வசதி. அலுவலக நேரத்தில்தான் வர வேண்டும் என்றால் ஒருவர் லீவு போட்டு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பிளாக் பெண்கள் சார்பாக,
மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒருத்தி