ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்: தொடக்கக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட, வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றுகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாகச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரு பள்ளியில் எந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள், எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள், பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. இன்று பிள்ளைகளின் விவரம் எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையப் பதிவில் கிடக்கிறது. பணியிடம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி போடும் நிர்ணயப் பட்டியலில் கிடக்கிறது. கற்றல் நிலை, தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பதிவுகளில் கிடக்கிறது. மூன்றையும் மூன்று பேர் பார்க்கிறார்கள். பள்ளிக்கு மூன்று விதமான கேள்விகள் வருகின்றன.

பணியிடக் கணக்கிலிருந்து தொடங்குவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. தனியாகத் தலைமை ஆசிரியர் என்ற பேச்சே 150 பிள்ளைகளைத் தாண்டிய பிறகுதான். இந்த அட்டவணை தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. 40 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இருந்தால் 20-க்கு ஒருவர் என்று தாளில் அழகாக வரும். ஆனால் அந்த 40 பேர் ஐந்து வகுப்புகளில் இருக்கிறார்கள். 1, 2 வகுப்புகளுக்கு நான்கு நான்கு பாடம். 3, 4, 5 வகுப்புகளுக்கு ஐந்து ஐந்து. ஆக 23 பாடங்கள். பள்ளியில் 40 பேர் இருந்தாலும் 15 பேர் இருந்தாலும் இந்த 23 குறைவதில்லை.

நேரக் கணக்கு இன்னும் தெளிவாகச் சொல்லும். அதே அட்டவணை 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் வேண்டும் என்கிறது. ஐந்து வகுப்புக்கு 4,000 மணி நேரம். இரண்டு ஆசிரியரும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், வேறு எந்த வேலையும் பார்க்காமல் இருந்தால் கிடைப்பது 1,600. வகுப்புக்கு 320 மணி நேரம், அதாவது நாற்பது விழுக்காடு. மீதி நேரம் பிள்ளை பள்ளியில்தான் இருக்கும். ஆசிரியர் பக்கத்து வகுப்பில் இருப்பார்.

"பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தலாமே" என்று பதில் வரும். நடத்துகிறோம். செயல்வழிக் கற்றல் காலத்தில், பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாகக் கற்ற ஏணிப்படி அட்டைகளிலிருந்தே பழக்கம்தான். 2022-23-இல் எண்ணும் எழுத்தும் வந்தபின் 1 முதல் 3 வரையுள்ள பிள்ளைகளை வகுப்பு பாராமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக அமர்த்திக் கற்பிக்க முடிகிறது. இதை நாங்கள் குறை சொல்லவில்லை. சிறு பள்ளிக்குப் பொருந்தும் முறை இது. சிக்கல் அடுத்த அறையில். 4, 5 வகுப்புகளுக்குப் பத்துப் பாடங்கள். அவற்றை நடத்துபவர் பெரும்பாலும் தலைமை ஆசிரியரே. அவர்தான் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும், காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும், சீருடை, நோட்டு, காலணி வந்து இறங்கும்போது எண்ணிக் கையெழுத்திட வேண்டும், மாற்றுச் சான்றிதழ் எழுத வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மானத்தைப் பதிவேற்ற வேண்டும், வட்டார அலுவலகக் கூட்டத்துக்கும் போக வேண்டும். எழுத்தர் பணியிடம் தொடக்கப் பள்ளிக்குக் கிடையாது. எழுத்து வேலை முழுவதும் 4, 5 வகுப்புகளின் பாடவேளையில்தான் விழுகிறது. மூன்றாம் வகுப்பில் தேறி நின்ற பிள்ளை ஐந்தாம் வகுப்பில் ஏன் வகுத்தலில் திணறுகிறது என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். காரணத்தை முதலில் இங்கே தேடுங்கள். ஆங்கில வழிப் பிரிவும் உள்ள பள்ளியென்றால் ஒரே பாடத்தை இரண்டு மொழியில் நடத்த வேண்டும். அதற்கென்று தனிப் பணியிடம் வருவதில்லை.

அட்டவணையின் படிக்கட்டு எங்கே சறுக்குகிறது என்பதையும் பாருங்கள். 61 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். ஒரு குடும்பம் ஊர் மாறி 60 ஆனால் ஒருவர் 'உபரி'. உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் அவர் போய்விட்டால், பிள்ளைகளில் ஒன்று குறைந்ததற்கு ஆசிரியரில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதைப் பார்க்கும் பெற்றோர் அடுத்த ஜூனில் என்ன முடிவெடுப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஐந்தாறு பேர் தனியார் பள்ளி வேனில் ஏறுவார்கள்; எண்ணிக்கை குறைந்ததென்று நிர்ணயப் பட்டியல் சரியாகவே காட்டும்.

ஒரே நாளின் எண்ணிக்கையை நம்புவதிலும் கோளாறு உண்டு. பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போகிறவர்கள் உள்ள ஒன்றியங்களில், ஆகஸ்ட் 1 அன்று இருந்த பிள்ளை பிப்ரவரியில் இருக்காது. சூளை இருக்கும் ஊரின் பள்ளியில் நேர்மாறாக, ஆகஸ்டில் இல்லாத பிள்ளைகள் ஜனவரியில் வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரிந்த பிள்ளைகளும் இருப்பார்கள். பணியிடம் பிள்ளைகள் கிளம்பிப்போன பள்ளிக்கு, வேலை அவர்கள் வந்து சேர்ந்த பள்ளிக்கு. மார்ச்சில் கற்றல் நிலையை அளக்கும்போது, வந்து இரண்டு மாதமான பிள்ளையும் அந்தப் பள்ளியின் சராசரியில் சேர்ந்துவிடுகிறது.

மாற்றுப்பணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பணியிடம் ஒரு பள்ளியில், ஆள் வேறு பள்ளியில் அல்லது அலுவலகத்தில். சட்டத்தின் 26-ஆம் பிரிவு காலிப் பணியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மாற்றுப்பணியில் போனவரின் இடம் 'நிரப்பப்பட்டது' என்றே இருப்பதால் அது இந்தக் கணக்கில் வராது. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணிக்கு அனுப்பும் ஆணை உண்மையில் அதை ஓராசிரியர் பள்ளியாக்கும் ஆணை.

இனி பிள்ளைகளின் விவரம். மொத்த எண்ணிக்கையைவிட அதன் வடிவம் அதிகம் சொல்லும். ஒன்றாம் வகுப்பில் 4, ஐந்தாம் வகுப்பில் 13 என்றிருந்தால் அது தேய்ந்துகொண்டிருக்கும் பள்ளி. மூன்று ஆண்டில் பாதியாகும், இப்போதே ஏதாவது செய்ய வேண்டும். நடு வகுப்பில் திடீரென்று எண்ணிக்கை ஏறினால், கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து திரும்பியவர்களா என்று சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பாட்டு ஒப்பிப்பார்கள், தமிழில் ஒரு வரி வாசிக்கத் தடுமாறுவார்கள். பெண் பிள்ளைகள் மட்டும் கூடுதலாக இருந்தால், அந்த ஊரில் பையன்களை வேனில் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். சாதிவாரிப் பட்டியலில் ஒரே ஒரு சமூகம் மிஞ்சியிருந்தால், ஊர்ப் பள்ளி ஒரு தெருவின் பள்ளியாகிவிட்டது. சுற்றுச்சுவர் இடிந்தாலும் குடிநீர்க் குழாய் உடைந்தாலும் ஊராட்சியில் கேட்க ஆள் குறைந்துபோகும் நிலை அது. உதவித்தொகைக்காக மட்டும் திரட்டப்படும் இந்த விவரத்தை, எந்தப் பள்ளிக்கு முதலில் கை கொடுப்பது என்று தீர்மானிக்கவும் பயன்படுத்துங்கள்.

கற்றல் நிலை பற்றிச் சுருக்கமாக. தேர்ச்சி விழுக்காடு தொடக்கப் பள்ளியில் எதையும் சொல்லாது, எல்லாரும் தேர்ச்சிதான். சராசரியும் சிறு பள்ளியில் ஏமாற்றும். எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை 12.5 விழுக்காடு. ஒருவனுக்கு அன்று காய்ச்சல் என்றால் பள்ளி பின்தங்கிய பட்டியலில் வந்துவிடும். 2021-இன் தேசிய அடைவுத் தேர்வு, 2024 டிசம்பரில் நாடு முழுவதும் நடந்த பராக் கற்றல் மதிப்பீடு போன்றவை மாதிரி எடுத்து மாவட்டத்தின், மாநிலத்தின் நிலையைக் காட்ட வந்தவை. அவற்றின் எண்ணைக் காட்டி ஒரு தனிப் பள்ளியைக் கேள்வி கேட்பது பொருந்தாது. பள்ளி அளவில் பயன்படுவது ஒன்றுதான்: ஜூனிலும் மார்ச்சிலும் இருந்த அதே பிள்ளைகளை மட்டும் எடுத்து, அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் மொட்டுக்கு வந்தார்கள், மொட்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் மலருக்கு வந்தார்கள் என்று எண்ணுவது. இடையில் வந்தவர்களையும் போனவர்களையும் தனி வரியில் காட்டலாம்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. நிலை உயராத பிள்ளைக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும் என்றால், செயலியில் எல்லாப் பிள்ளையும் மலருக்குப் போய்விடும், வகுப்பில் அரும்பிலேயே இருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தரவால் யாருக்கும் பயனில்லை. எனவே நிலைப்பதிவை ஒழுங்கு நடவடிக்கைக்கு எடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஆணையிட வேண்டும்.

அட்டவணை குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் கொடுக்க மாநிலத்துக்குத் தடையில்லை. ஐந்து வகுப்பிலும் பிள்ளைகள் இருந்து, மொத்தம் 30-ஐத் தாண்டும் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும். உடனே முடியாதென்றால், எண்ணிக்கை தொடர்ந்து இரண்டு ஆண்டு வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டுமே உபரி என்று அறிவியுங்கள். ஆகஸ்ட் 1-உடன் பிப்ரவரி 1 எண்ணிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈராசிரியர் பள்ளியிலிருந்து மாற்றுப்பணி கூடாது. பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்த ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஓர் இருப்பு ஆசிரியரைக் கொடுத்தால், பயிற்சிக்கோ மகப்பேறு விடுப்புக்கோ ஒருவர் போகும் நாளில் அந்தப் பள்ளி ஒற்றை ஆளில் நிற்காது. குறுவள மையத்துக்கு ஒரு பதிவு உதவியாளர் இருந்து, வாரம் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்தால், பதிவேற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

வட்டாரக் கல்வி அலுவலர்கள் ஆணை எதற்கும் காத்திருக்காமல் இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒன்றியத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே தாளில் வகுப்புவாரிப் பிள்ளைகள், இடையில் வந்தவர் போனவர், உண்மையில் வகுப்பில் நிற்கும் ஆசிரியர், கடந்த மாதம் ஒற்றை ஆசிரியரோடு நடந்த நாட்கள், அதே பிள்ளைகளின் நிலை மாற்றம் ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். தேவையான எல்லாமே பள்ளியில் உள்ள சேர்க்கைப் பதிவேடு, ஆசிரியர் வருகைப் பதிவேடு, நிலைப்பதிவு மூன்றிலிருந்தே எடுக்க முடியும். அடுத்த நிர்ணயப் பட்டியல் போடும் மேசையில் அந்தத் தாளும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்