வேடந்தாங்கல் ஊராருக்கு நன்றி

வேடந்தாங்கல் ஊர்ப் பெரியவர்களுக்கும், ஏரிக்கரை வனக்காவலர் அண்ணனுக்கும் வணக்கம்.

போன தை மாதம் மாமனாரையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். 30 ஹெக்டேர் ஏரிக்குள் இத்தனை கூடுகளா என்று மலைத்துப் போனோம்.

தொலைநோக்கியை மகளின் உயரத்துக்கு இறக்கி வைத்தாரே, அந்த அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. கடம்ப மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை, குஞ்சுகள் மேல் வெயில் படாமல் இறக்கையை விரித்து நின்றுகொண்டிருந்தது. "பெரிசுக்கு மூக்கு நடுவுல சந்து இருக்கு, குஞ்சுக்கு இல்லையே?" என்றாள் மகள். எனக்குத் தெரியவில்லை. குஞ்சுக்கு அலகு சேர்ந்துதான் இருக்கும், வளர வளரத்தான் இடைவெளி விழும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அப்புறம் அவள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

மாமனாருக்கு வெயில் தாங்கவில்லை. அவரைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்த பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது! மாமனாரும் விவசாயிதான். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்கிற வயலுக்கு அதுவே உரம் என்று பாட்டி சொன்னதும், களைப்பெல்லாம் மறந்து மதகு எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தீபாவளிக்கு வெடி வைக்க மாட்டீர்களா என்று மகள் கேட்டாள். "புள்ள பெத்த வீட்டுப் பக்கத்துல யாராவது வெடி வைப்பாங்களா கண்ணு?" என்றார் பாட்டி.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது உங்கள் முன்னோர் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டதையும் அங்கேதான் கேட்டோம். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் கவுல், அதாவது பறவைகளைக் காக்க உங்களுக்கு உரிமை தரும் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858இல் அது மறுபடி உறுதியானது. வனவிலங்குச் சட்டம் வந்தது 1972இல்தான். அதற்கு 174 வருடம் முன்பே, வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைக்காக வழக்காடியிருக்கிறது. இதை நான் பள்ளியில் படித்ததில்லை. உங்கள் திண்ணையில்தான் தெரிந்துகொண்டேன்.

மகள் வரைந்த படம் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். குஞ்சுகளின் அலகைச் சந்தில்லாமல்தான் வரைந்திருக்கிறாள். அண்ணனிடம் அவசியம் காட்டுங்கள்.

அன்புடன்,
தை மாதம் வந்துபோன குடும்பம்