கருவில் இருந்த கன்றுக்குக் கணக்கில்லாமல் போனது

கனேடியன், டெக்சஸ்
14.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தங்கள் மருமகளும் பேரனும் நானும் நலம். ஊரின் பெயரைப் பார்த்து நான் கனடாவுக்குப் போய்விட்டதாகப் பெரியம்மா சொல்லிக்கொண்டிருப்பதாக அறிந்தேன். அது இங்கே ஓடும் ஆற்றின் பெயர். நாங்கள் இருப்பது டெக்சஸின் வடகோடியில், ஹெம்ப்ஹில் மாவட்டத்தில்.

தீயைப் பற்றித் தொலைபேசியில் அரைகுறையாகவே சொன்னேன். பிப்ரவரி 26-ஆம் தேதி ஸ்டின்னெட் என்னும் ஊரருகே பற்றிய நெருப்பு, காய்ந்த புல்லிலும் பேய்க்காற்றிலும் பரவிப் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டது. 29-ஆம் தேதி பனி பெய்தபோதுதான் அது சற்று அடங்கியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன.

நான் வேலை செய்யும் கால்நடை மருத்துவமனைக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து, குழி வெட்டிப் புதைப்பதற்கு முன் இறந்த மாடுகளை எண்ணிச் சான்று தர வேண்டும் என்று கேட்டார். எழுபதை நெருங்கிய மனிதர். அரசாங்கத்திடம் கை நீட்டி அறியாதவர். எண்ணிப் படம் எடுத்த அந்த இரண்டு நாள் நாற்றம் இன்னும் என் சட்டையில் இருப்பதுபோல் தோன்றுகிறது.

பேரிடரில் கால்நடை இறந்தால், வழக்கமாக ஓராண்டில் சாகும் அளவைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குச் சந்தை விலையில் 75 விழுக்காட்டை இங்குள்ள மத்திய அரசு தருகிறது. 2014-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் இதை நிரந்தரமாக்கியது. விண்ணப்பிக்க அடுத்த மார்ச் 1 வரை அவகாசம் உண்டு. ஆனால் விலை நாடு முழுவதற்கும் சராசரியாக வகுத்தது. முப்பது ஆண்டுகள் பொறுக்கி வளர்த்த மந்தைக்கும் நேற்றுச் சந்தையில் பிடித்த மாட்டுக்கும் ஒரே தொகைதான். அதைவிட என்னை வருத்தியது, கன்று ஈனும் பருவத்தில் தீ வந்ததால் இறந்தவற்றில் பல நிறைசினையாக இருந்தும், வயிற்றுக் கன்றை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லாமல் போனதுதான். பெரியவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை.

வேலிச் செலவிலும் முக்கால் பங்குவரை கிடைக்கும். ஆனால் பொதுவாக வேலையைத் தொடங்குமுன் விண்ணப்பிக்க வேண்டும். மாடு சாலைக்கு ஓடும்போது யார் காத்திருப்பார்கள்? நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் கிளுவை உயிர்வேலியை நினைத்துக்கொண்டேன். இங்கே எல்லாம் முள்கம்பியும் மரக்கம்பமும்தான், மரமெல்லாம் கரியாகிவிட்டது. பணம் வருமுன்னே வைக்கோல் வந்தது. வெளிமாநில விவசாயிகள் லாரி லாரியாக அனுப்பினார்கள். அதைப் பெரியவர் தயங்காமல் வாங்கிக்கொண்டார்.

நம் செவலைப் பசுவின் காது வில்லை கழன்று விழுந்துவிட்டதாகத் தம்பி சொன்னான். வில்லை இல்லாத மாட்டுக்குக் காப்பீடு கேட்டுப் பெறுவது கடினம். இந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்று புதிதாகப் போட்டுவிடுங்கள். புது வில்லையின் எண்ணை எனக்கும் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்